ரீஸ்லிங்: குளிர் காத்துத் தரும் புளிப்பு

ரீஸ்லிங் என்ற திராட்சையில் செய்யும் வெள்ளை வைனில் தேசிக்காய் மணம் வரும், பச்சை அப்பிள், பீச் பழம், வெள்ளைப் பூக்களின் வாசமும் வரும். இவற்றையெல்லாம் தாங்கி நிற்பது புளிப்புத்தான். அது மங்கிவிட்டால் நாவில் மிஞ்சுவது சோர்ந்துபோன இனிப்பு.

திராட்சையின் புளிப்புக்குக் காரணம் பெரும்பாலும் டார்டாரிக், மாலிக் என்ற இரண்டு அமிலங்கள். மாலிக் அமிலத்தைப் பழமே சுவாசத்தில் எரித்துவிடும். வெயில் ஏற ஏற அது வேகமாகக் கரையும். இரவு குளிர்ந்தால் மிஞ்சும். ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை ஏறக்குறைய 50 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ரீஸ்லிங் அங்கே பெரும்பாலும் ஒக்டோபரில்தான் முற்றும். செங்குத்தான சரிவில் கொடிக்கு ஒரு கம்பு நட்டு, இரண்டு கிளைகளை வளைத்து இதய வடிவில் கட்டுவது அங்கே பழைய முறை. கருஞ்சாம்பல் சிலேட்டுக் கற்கள் பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் விடுவதால், அந்தக் குளிரிலும் பழம் முற்றுகிறது. வெப்பம் அதற்கு வேண்டும், ஆனால் அளவாக.

திருகோணமலையில் இது சரிவராது. ஆகஸ்ட் பகல் 34 பாகையைத் தொடும், இரவிலும் புழுக்கம் தணியாது. மணம் சேருமுன்னே சீனி ஏறிவிடும், புளிப்புப் போய்விடும். ஒக்டோபர், நவம்பரில் வாடைக்காற்று மழையும் வந்துவிட்டால், நெருக்கமான ரீஸ்லிங் குலைக்குள் ஈரம் தங்கி அழுகும். யாழ்ப்பாணத்தில் கவ்வாத்துப் பண்ணி எடுக்கும் திராட்சை வெக்கைக்குப் பழகியது. அது நல்ல பழம், ஆனால் இந்த வைனுக்கு உரியதல்ல.

ஆகவே வாங்கிக் குடிப்பதைப் பற்றிப் பேசுவோம். லேபலில் மதுசார அளவைப் பாருங்கள். ஜெர்மன் ரீஸ்லிங்கில் 8, 9 வீதம் என்றிருந்தால் நொதிக்காத சீனி மிஞ்சியிருக்கும், இனிக்கும். 12 வீதமும் ‘ட்ரோக்கன்’ என்ற சொல்லும் இருந்தால் இனிப்பற்றது. உறைப்பான நண்டுக் கறிக்கு முதல் வகையே பொருந்தும். மதுசாரம் கூடினால் மிளகாயின் எரிவும் கூடும். சீனி அதை அடக்கும், புளிப்பு தேங்காய்ப்பாலின் கொழுப்பை வெட்டும். வெறும் உப்பும் மஞ்சளும் போட்டுப் பொரித்த மீனுக்கு ட்ரோக்கன் நல்லது.

இங்கே போத்தலைக் கெடுப்பது பெரும்பாலும் குசினித் தட்டுத்தான். 30 பாகையில் மாதக்கணக்கில் நின்றால் பழமணம் தேய்ந்து, பெற்றோல் போன்ற மணம் முந்திக்கொள்ளும். வயதான ரீஸ்லிங்கில் அந்த மணம் மெல்லியதாக இருப்பது இயல்பு, பலர் விரும்புவதும் கூட; கெட்டது என்று ஊற்றிவிடாதீர்கள். நனைந்த அட்டைப்பெட்டி மணந்தால் மட்டும் தக்கையால் வந்த பழுது, அதற்குப் பரிகாரம் இல்லை.

பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணி, ஒரு பிடி உப்பு. கழுத்துவரை அமிழ்த்தி 20 நிமிடம் விடுங்கள். வெறும் ஐஸ் போத்தலைச் சுற்றிப் படியாது, அதனால்தான் தண்ணி. 8 முதல் 10 பாகைதான் அளவு. அதற்கும் கீழே போனால் மணம் அடங்கிவிடும். கடற்கரை வெக்கையில் கிளாஸ் சுருக்கெனச் சூடேறும், ஆகவே 75 மில்லிலீற்றருக்கு மேல் ஒரேயடியாக ஊற்ற வேண்டாம்.

அடியில் கற்கண்டுத் துகள்போல் மின்னினால் பயப்படாதீர்கள். அது கண்ணாடித்தூள் அல்ல, குளிரில் படிந்த டார்டாரிக் உப்பு. கடைசி மடக்கை மட்டும் போத்தலிலேயே விட்டுவிடுங்கள்.