மணலி முதல் மீஞ்சூர் வரை: வயலை மதிப்பிடக் கிணற்றில் தொடங்கினோம்

வடசென்னையின் திருவொற்றியூரில் வசிக்கிறேன். மணலிப் புதுநகருக்கு அப்பால் மீஞ்சூர் வரை உள்ள சிறு விவசாயிகளோடு சேர்ந்து, மண்ணையும் நீரையும் அவர்கள் எப்படிக் காக்கிறார்கள், எதை மாற்றலாம் என்று மதிப்பிடும் வேலையில் சில பருவங்களாக ஈடுபட்டிருக்கிறேன். கடலோரத்தில் இதே வேலையைத் தொடங்குபவர்களுக்கு எங்கள் அனுபவம் உதவட்டும்.

வழக்கமான மதிப்பீட்டுப் படிவங்கள் தொழு உரத்திலும் வரப்பிலும் தொடங்கும். எங்கள் பகுதிக்கு அந்த வரிசை பொருந்தாது. 1960களின் பிற்பகுதியிலிருந்து சென்னையின் குடிநீருக்காக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் நிலத்தடி நீர் எடுக்கப்பட்டது. பாசனத்துக்கும் இறைத்தார்கள். இறைத்த அளவுக்கு மழைநீர் உள்ளே இறங்காததால் கடல்நீர் நிலத்தடியில் நகர்ந்து வந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த நகரத்தில் வாழ்பவன் என்பதால், இந்த வயல்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆகவே தண்ணீரை முதலில் சோதித்தோம். மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டு, அதே நீரில் பாட்டிலை அலசிய பிறகே மாதிரி பிடிக்க வேண்டும். சித்திரையில் ஒரு முறையும், மழைக்காலம் முடிந்து தையில் ஒரு முறையும் பார்த்தால்தான் நிலவரம் புரியும். உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துத்திறன் கருவியை விவசாயியின் கையிலேயே கொடுத்துவிடுவோம். நாங்கள் சொல்லும் எண்ணைவிடத் தான் பார்த்த எண்ணை அவர் நம்புகிறார்.

ஒரு பெரியவர் ஆழ்துளைக் கிணற்று நீரை அளந்துவிட்டு, கைவிட்டுப்போன பழைய திறந்த கிணற்றையும் அளந்தார். பழைய கிணற்றில் உப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. "ஆழத்தில்தானே தம்பி நல்ல தண்ணீர் இருக்கும்?" என்று திகைத்தார். நன்னீர் எடை குறைந்தது. உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும். கடலோரத்தில் ஆழமாகத் துளையிடுவது பல நேரம் உப்பைத் தேடிப் போவதாகவே முடிகிறது. அந்த ஆண்டே கிணற்றைத் தூர் வாரினார். இப்போது அளவோடு இறைக்கிறார்.

அடுத்தது மண் மாதிரி. வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, வயலில் பல இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, நெல்லுக்கு 15 செ.மீ. ஆழம் வரை மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்துக் குறைத்து, அரைக் கிலோவை நிழலில் உலர்த்திக் கொடுத்தால் போதும்.

முடிவைப் படிப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். மின் கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமனைத் தாண்டி, கார அமில நிலை (pH) 8.5க்குக் கீழே இருந்தால் அது உவர் நிலம். கார அமில நிலை 8.5க்கு மேல் போய்ச் சோடியமும் மிகுந்திருந்தால் களர் நிலம். ஜிப்சம் களருக்கான மருந்து. வெறும் உவர் நிலத்தில் ஜிப்சம் கொட்டுவது காசுக்குக் கேடு. அங்கே தேவை வடிகாலும் நல்ல தண்ணீரும்தான். பலர் கடைக்காரர் சொன்னார் என்று மூட்டை மூட்டையாக வாங்கியிருந்தார்கள். அதைக் கேட்டபோது மிகவும் வேதனையாக இருந்தது.

உவர் வயல்களில் வரப்பை உயர்த்தி, ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கி, உப்பு கரைந்ததும் வடித்துவிடச் சொன்னோம். பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதவர்களின் வயலில் மண் பொலபொலப்பானது. கோடையில் தண்ணீர் உப்பாகிவிடும் கிணறுகளை நம்பிச் சொர்ணவாரிப் பட்டத்தில் (கோடை நெல் பருவம்) பயிரிடுவதைச் சிலர் நிறுத்திவிட்டார்கள். வருமானம் குறையும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. அவர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

காய்கறி போடுபவர்களைச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விண்ணப்பிக்க வைத்தோம். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று கையில் இருந்தால் சிக்கலில்லை. வாய்ப்பேச்சில் குத்தகைக்குப் பயிரிடுபவரிடம் இவை எதுவும் இருப்பதில்லை. வரப்பை உயர்த்தவும் வடிகால் வெட்டவும் அவரே உழைக்கிறார், மானியம் மட்டும் அவர் பக்கம் வருவதில்லை. அதனால் நில உரிமையாளரையும் முதல் சந்திப்பிலேயே அழைத்து உட்கார வைக்கிறோம். எழுத்தில் குத்தகை தரச் சிலர் சம்மதித்திருக்கிறார்கள், மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.