ஆண்டு மலர்களைத் துறை துறையாகப் பிரித்துப் பார்த்ததில் கிடைத்தவை

நான் படித்த அரசு உதவி பெறும் பள்ளியின் ஆண்டு மலர்கள், 1950களின் பிற்பகுதியிலிருந்து 1990கள் வரை, நடுநடுவே விடுபட்டு என் கையில் சேர்ந்திருக்கின்றன. பெரும்பாலானவை ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வீட்டுப் பரணிலிருந்து வந்தவை. ஸ்கேன் எடுத்து வைக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். கொஞ்சம் எடுத்ததும் ஆசை பெரிதாகிவிட்டது. ஆண்டு வரிசையை விட்டுவிட்டு, தமிழ், கணக்கு, அறிவியல், கைத்தொழில் என்று துறைக்கு ஒரு கோப்பு போட்டு, அந்தந்த ஆசிரியர்களின் படம், மன்ற அறிக்கை, மாணவர் கட்டுரை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்கிறேன். அப்படிச் சேர்த்த பிறகுதான் பள்ளி கண்ணுக்குத் தெரிகிறது.

முதலில் ஸ்கேன் வேலை. பழைய மலர்களின் பின்கள் துருப்பிடித்துத் தாளைத் தின்றிருக்கும். இழுக்கக் கூடாது. பின்பக்கம் இரண்டு கால்களையும் மெல்ல நிமிர்த்தி, பிறகு எடுக்க வேண்டும். தாள் மெலிது என்பதால் மறுபக்க எழுத்து தெரியும். பக்கத்துக்குப் பின்னால் கறுப்புக் காகிதம் வைத்தால் அது அடங்கிவிடுகிறது. படங்களில் வேறு சிக்கல். அந்தக் காலத்துப் படங்கள் துத்தநாக பிளாக்கில், அதாவது படத்தைப் பொறித்த அச்சுத் தகட்டில், புள்ளி புள்ளியாக அச்சானவை. குறைந்த அளவில் ஸ்கேன் எடுத்தால் முகத்தின் மேல் கட்டம் கட்டமாகக் கோலம் விழுகிறது. 600 டிபிஐயில் எடுத்து, லேசாக மங்கவைத்து, அப்புறம் சிறிதாக்கினால் முகம் தெளிகிறது.

இந்த பிளாக் என்பது செலவு பிடித்த சமாச்சாரம். ஒவ்வொரு படத்துக்கும் தனியாகச் செய்யக் கொடுக்க வேண்டும். அதனால் செய்ததைப் பத்திரப்படுத்தி மறுபடி மறுபடி போட்டிருக்கிறார்கள். எங்கள் தலைமையாசிரியர் ஒருவர் பல மலர்களில் ஒரே கோட்டு, ஒரே பார்வையோடு இருக்கிறார். படத்தை வைத்து ஆண்டைக் கணிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குழுப் படத்தை நம்பலாம், தனிப்படத்தை அவ்வளவாக நம்ப முடியாது.

குழுப் படங்களை வரிசையாக வைத்தால் பாடத்திட்டத்தின் வரலாறே வந்து நிற்கிறது. 1968 ஜனவரியில், பள்ளிகளில் இந்தியை விலக்கித் தமிழும் ஆங்கிலமும் மட்டும் என்ற இருமொழிக் கொள்கைத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதற்கு முந்தைய மலர்களில் கடைசியில் சில பக்கங்கள் தேவநாகரியில் இருக்கும், ஆசிரியர் வரிசையில் இந்தி பண்டிட் உட்கார்ந்திருப்பார். பிந்தைய மலர்களில் அந்தப் பக்கங்களும் இல்லை, அவரும் இல்லை. பிரிவு உபசாரச் செய்தி எங்காவது இருக்குமா என்று தேடினேன். ஒரு வரி கூட இல்லை. அவரிடம் படித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பெரிய மாற்றம் 1978இல். அந்த ஆண்டு பிளஸ் டூ வந்தது, அதன் முதல் பொதுத்தேர்வு 1980இல் நடந்தது. அதுவரை 'சயின்ஸ் சார்' என்று இருந்தவருக்குப் பக்கத்தில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று முதுகலை ஆசிரியர்கள் வந்து அமர்கிறார்கள். முன்வரிசை நாற்காலிகள் கூடுகின்றன. அடுத்தடுத்த மலர்களின் தலைமையாசிரியர் அறிக்கையில் ஆய்வகத்துக்கு நன்கொடை கேட்கும் பத்தி தவறாமல் வருகிறது. மாணவர் கட்டுரைகளிலும் வாசனை மாறுகிறது. முன்பு 'அணுவின் ஆக்கப் பயன்' என்று பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதியவர்கள், இப்போது சால்ட் அனாலிசிஸில் எந்த உப்பு வரும் என்ற பயத்தையும், பியூரெட்டில் ஒரு சொட்டு கூடிப்போனதையும், தவளையை அறுக்கும் நாளில் சாப்பிடாமல் வந்த நண்பனையும் எழுதுகிறார்கள். வகுப்பறை உயிரோடு இருப்பது இந்தக் கட்டுரைகளில்தான்.

இதே காரணத்தால் மன்ற அறிக்கைகளை வரி விடாமல் தட்டச்சு செய்கிறேன். தமிழ் இலக்கிய மன்றத்தில் வாரம் யார் பேசினார்கள், என்ன தலைப்பு, யாருக்குப் பரிசு, எல்லாம் பொடி எழுத்தில் இருக்கிறது. எங்கள் தமிழய்யாக்கள் அறிக்கையைக் கூட எதுகை மோனையோடுதான் எழுதியிருக்கிறார்கள். கணித மன்றத்துக்கோ பெரும்பாலும் நாலே வரி. நெசவு, தச்சு ஆசிரியர்களுக்கு அதுவும் இல்லை. கண்காட்சியில் மாணவர்கள் நெய்த துண்டுகள் விற்றன என்று எங்காவது ஒரு வாக்கியம் வரும். அந்தக் கோப்பு மெலிந்து கிடப்பது எனக்கு வருத்தம். கையால் வேலை கற்றுக்கொடுத்தவர்களைப் பற்றி எழுத மலர்க்குழுவில் ஆள் இல்லை போலிருக்கிறது.

படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளை, டெசராக்ட்டைத்தான், 80களின் நடுவிலிருந்து வந்த மலர்களுக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்து ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற 13 எழுத்துகள் இன்றைய வடிவுக்கு மாறின. எங்கள் ஊர் அச்சகத்தில் ஈய எழுத்துகளை உடனே மாற்றவில்லை. சில மலர்களில் ஒரே பக்கத்திலேயே துதிக்கை வைத்த லையும் புதிய லையும் சேர்ந்து நிற்கின்றன. அங்கே மென்பொருள் திணறுகிறது. தட்டச்சு செய்வதே வேகம். யூனிகோடில் இரண்டுக்கும் ஒரே குறியீடு என்பதால், தட்டச்சு செய்த பிரதியில் பழைய வடிவம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு பிரதிக்கும் பக்கத்திலேயே படத்தையும் இணைக்கிறேன்.

ஆஃப்செட் வந்த பிறகான மலர்கள் பளபளப்பானவை, ஆனால் தேடுவோருக்கு ஏமாற்றம்தான். பிரமுகர்களின் வாழ்த்துரை முன்பகுதியை நிறைக்கிறது, மாணவர் எழுத்து சுருங்குகிறது. ஜோக்குகளும் பொது அறிவுத் துணுக்குகளும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. அவற்றை ஸ்கேனோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்போது நடப்பது முகங்களுக்குப் பெயர் சேர்க்கும் வேலை. 'அமர்ந்திருப்போர் இடமிருந்து வலம்' என்று ஆசிரியர் பெயர்களைப் போட்டுவிட்டு, நிற்பவர்களை வெறும் 'மாணவர்கள்' என்று விட்ட படங்கள் நிறைய. படத்தில் தலைக்குத் தலை எண் எழுதி, அந்தந்த ஆண்டு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புகிறேன். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பெயரைச் சொன்னால்தான் பதிவு செய்கிறேன். அடுத்து, விடுபட்ட மலர்கள். அச்சிட்ட கடைக்காரர் குடும்பத்தில் மாதிரிப் பிரதிகள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கிடைத்தால் 70களின் தொடக்கத்துக் கைத்தொழில் பக்கங்களைத்தான் முதலில் புரட்டப் போகிறேன்.