சி.டி.யில் 28, அப்புறம் 71: குவாலிஃபையருக்கு நான் படித்த விதம்

போன வாரம் முடிவு வந்தது. தேறிவிட்டேன். ஐ.ஐ.டி. மெட்ராஸ் நடத்தும் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பின் குவாலிஃபையரை, அதாவது சேர்வதற்கு முன் தேற வேண்டிய தகுதித் தேர்வை, இரண்டாவது முறையாக எழுதினேன். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம், தமிழ் வழி. வீடு கொருக்குப்பேட்டை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டே இந்தக் கல்லூரிப் பாடத்தையும் படிக்கிறவர்கள் நான் விழுந்த இடத்தில் விழக்கூடாது என்று சூட்டோடு சூடாக எழுதுகிறேன். விண்ணப்பம், கட்டணம் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

முதல் தடவை என் மதிப்பெண்: ஆங்கிலம் 58, கணிதம் 66, புள்ளியியல் 56, கம்ப்யூட்டேஷனல் திங்கிங் (சி.டி., கணினி போலப் படிப்படியாக யோசிக்கும் பாடம்) 28. சராசரி 52. ஓ.பி.சி. பிரிவுக்கு சராசரி 45 போதும். ஆனால் ஒவ்வொரு பாடத்திலும் 35 வேண்டுமே. ஏழு மதிப்பெண்ணில் போய்விட்டது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் படிக்காமல் இல்லை. நான்கு வாரப் பாடத்தில் ஒரு வீடியோ விடாமல் இரண்டு முறை பார்த்தேன், நோட்டு நிறைய எழுதினேன். பார்க்கும்போது எல்லாம் புரிந்தது. எங்கள் தெருமுனையில் ராத்திரி பதினோரு மணி வரை கேரம் ஆடுவார்கள். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், எந்தக் காய் எந்தப் பாக்கெட்டில் விழும் என்று சொல்லிவிடுவேன். ஸ்ட்ரைக்கரைக் கையில் கொடுத்தால் விரல் திணறும். தேர்வறையில் சூடோகோடு (நிரல் மாதிரி வரிவரியாக எழுதிய கட்டளைகள்) திரையில் வந்தபோது எனக்கு அதேதான் நடந்தது.

சி.டி. வகுப்பில் அட்டைகளை வைத்துத்தான் பாடம் நடத்துகிறார்கள். 30 மாணவர்களின் மதிப்பெண் அட்டை, கடை பில்கள், ஒரு பத்தியிலிருந்து பிரித்தெடுத்த சொற்கள். அவர்கள் அட்டையைக் கையில் எடுத்துக் காட்டுகிறார்கள், நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். என் தப்பு அவ்வளவுதான்.

அப்பா எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் வேலை செய்கிறார். மடித்த சட்டைக்குள் விறைப்புக்கு வைப்பார்களே, அந்த அட்டை கடையில் வீணாகக் கிடக்கும். எட்டு அட்டை கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றையும் நான்காக வெட்டினேன். 30 அட்டையில் பெயர், பிறந்த தேதி, ஊர், கணிதம், இயற்பியல், வேதியியல், கூட்டுத்தொகை என்று எழுதினேன். மீதி இரண்டு அட்டையில் கட்டு 1 (இனிமேல் பார்க்க வேண்டியவை), கட்டு 2 (பார்த்து முடித்தவை) என்று எழுதித் தரையில் வைத்தேன். எண்ணிக்கைக்கு ஒரு டம்ளரும் புளியங்கொட்டையும். டம்ளர் ஆயாவின் பொறுப்பு. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "படிக்கிற நேரத்துல சீட்டாட்டமா?" என்று முதலில் திட்டியதும் ஆயாதான்.

கணிதத்தில் 80க்கு மேல் எத்தனை பேர் என்பது சுலபம். எடு, பார், இருந்தால் ஒரு கொட்டை போடு, அட்டையைக் கட்டு 2-க்கு மாற்று. ஒரு நாள் ஆயா ஒவ்வொரு அட்டைக்கும் முன்னால் டம்ளரைக் கவிழ்த்துக் காலி செய்துவிட்டார். 30 அட்டையும் முடிந்தபோது உள்ளே ஒரே ஒரு கொட்டை. கவுன்ட் = 0 என்ற வரி சுழற்சிக்கு (ஒவ்வொரு அட்டைக்கும் திரும்பத் திரும்ப ஓடும் வரிகளுக்கு) உள்ளே இருந்தால் இப்படித்தான் ஆகும், கடைசி அட்டையின் கதை மட்டும் மிஞ்சும். முதல் தேர்வில் இதே மாதிரி இரண்டு கேள்வியை நான் தப்பாகப் போட்டிருந்தேன்.

அடுத்தது நான்காம் வாரம், ஒரே பிறந்தநாள் உள்ள ஜோடியைக் கண்டுபிடிப்பது. முதல் அட்டையைக் கட்டு 2-ல் வைத்தேன். மற்ற 29-ஐயும் அதனோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றாகப் பக்கத்தில் புதிதாகக் கட்டு 3-ல் போட்டேன். கட்டு 1 காலி. "முடிஞ்சிடுச்சு ஆயா" என்றேன்.

"இன்னா கண்ணு முடிஞ்சுது? இந்த அட்டையை அந்த அட்டையோட நீ பாக்கவே இல்லியே" என்று கட்டு 3-லிருந்து இரண்டை உருவிக் காட்டினார்.

கட்டு 3-ல் இருப்பதையெல்லாம் திரும்பக் கட்டு 1-க்கு மாற்று என்று உள் சுழற்சிக்குக் கீழே ஒரு வரி இருக்கும். நான் கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டிப் போன வரி அது. அது இல்லாவிட்டால் 29 ஜோடியோடு வேலை நின்றுவிடும். இருந்தால்தான் 435 ஜோடியும் ஒப்பிடப்படும். பிறந்த மாதவாரியாக 12 கட்டாகப் பிரித்துவிட்டு அந்தந்தக் கட்டுக்குள் மட்டும் தேடினால் எவ்வளவு குறைகிறது என்பதையும் கையால் செய்து பாருங்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று அட்டையாக விழுந்தால் 24 ஒப்பீட்டில் முடிந்துவிடும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, 435 தடவை அட்டையைப் புரட்டிக் கை வலித்தபிறகு தெரிந்துகொள்வது வேறு. தினமும் ராத்திரி ஒரு மணி நேரம், மூன்று வாரம் செய்தேன். தயவுசெய்து இதை விளையாட்டு என்று ஒதுக்காதீர்கள். தேர்வறைக்கு அட்டை கொண்டுபோக முடியாது, ஆனால் ரஃப் தாளில் நான்கு வரிசை எழுதி ஓட்டிப் பார்க்கும் பழக்கம் விரலுக்கு வந்துவிடும்.

மற்ற பாடங்களுக்குச் சுருக்கமாக:

கணிதம்: தமிழ் வழி என்று பயப்பட வேண்டாம். ஒன்பதாம் வகுப்புக் கண மொழி, பத்தாம் வகுப்பில் உறவுகளும் சார்புகளும், இயற்கணிதம், ஆயத்தொலை வடிவியல். இவ்வளவையும் மறுபடி போடுங்கள், பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது. ஆங்கிலக் கலைச்சொல்லை மட்டும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

புள்ளியியல்: விலக்க வர்க்கச் சராசரிக்குப் பள்ளியில் n-ஆல் வகுத்தோம். இங்கே மாதிரித் தரவு (மொத்தத்திலிருந்து எடுத்த ஒரு பகுதி) என்று கேள்வியில் இருந்தால் n-1. அப்புறம் தரவின் வகைகள். 600021 என்பது வண்ணாரப்பேட்டையின் பின்கோடு. பார்க்க எண்தான், ஆனால் கூட்டினாலும் கழித்தாலும் பொருளில்லை, அதனால் அது பெயரளவுத் தரவு.

ஆங்கிலம்: முதல் வாரத்தில் ஒலிகள். தொண்டையில் கைவைத்துப் 'பல்' என்று சொல்லுங்கள், அப்புறம் 'கம்பு'. ஒரே ப-வில் இரண்டு ஒலி. இரண்டாவதில் தொண்டை அதிரும். வீடியோ வேகமாகத் தோன்றினால் 0.75-ல் வைத்துக் கேளுங்கள்.

அசைன்மென்ட்: கடைசி நாளுக்கு முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். ராத்திரி டேட்டா தீர்ந்துபோய் நான் ஒரு வாரத்தைக் கோட்டை விட்டேன். முதல் மூன்று வாரத்தில் சிறந்த இரண்டைத்தான் எடுப்பார்கள், அதனால் தப்பித்தேன்.

இரண்டாவது முயற்சி காலாண்டுத் தேர்வு நேரத்தில் வந்தது. பப்ளிக் எழுதுகிற வருடத்தில் இதெல்லாம் தேவையா என்று பள்ளியில் ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். வலித்தது. காலாண்டில் வேதியியல் கொஞ்சம் இறங்கியதும் உண்மை. அரையாண்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும், பன்னிரண்டில் தேறினால்தானே சேரவே முடியும்.

தேர்வு நாளில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை நம்பாதீர்கள். சரக்கு வண்டி நின்றால் நின்றதுதான். நான் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பினேன். நான்கு மணி நேரத்தில் முதலில் சி.டி.யைத் திறந்தேன். மூளை புதிதாக இருக்கும்போது பயப்படுகிற பாடத்தை முடித்துவிட வேண்டும் என்பது என் சுபாவம். தெரிந்ததிலிருந்து தொடங்கினால்தான் தெம்பு வரும் என்பவர்கள் கணிதத்தில் தொடங்கலாம்.

இந்தத் தடவை சி.டி.யில் 71. ஆயாவிடம் சொன்னதும் டம்ளரைக் கழுவி அடுக்கில் வைத்தார். அட்டைக் கட்டை எதிர்வீட்டுத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன், அவன் பதினொன்றாம் வகுப்பு. 17ஆம் எண் அட்டை தொலைந்துவிட்டது, அதைமட்டும் புதிதாக எழுதிச் சேர்த்திருக்கிறேன்.