த்ரீ-டி படத்தில் ஃபேன் இல்லை: மதுரையில் எங்கள் வீட்டுக்கு விளக்கு போட்ட கதை

டிசைனர் அனுப்பிய முதல் த்ரீ-டி படத்தில் எங்கள் ஹாலை எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. ஒரு சுவர் முழுக்கத் தேக்கு நிறப் பலகை, கூரையோரம் பொன்னிறமாக வழியும் ஒளி, நடுவில் ஆளுயரச் சரவிளக்கு. வீட்டுக்காரர் அதைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டே விட்டார். அத்தைதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஃபேன் எங்க?"

ஃபேன் இல்லை. எந்த அறையிலும் இல்லை. சித்திரை, வைகாசியில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. ஏசி இருக்கிறதே என்பார்கள். ஏசி படுக்கையறைக்குச் சரி. ஹாலில் வாசற்கதவு பாதி நேரம் திறந்தே கிடக்கும், ஆள் வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். அங்கே ஃபேன் இல்லாமல் கதை நடக்காது. படம் அழகாக இருக்க வேண்டும் என்று இவர்கள் ஃபேனை எடுத்துவிடுகிறார்கள். மற்ற வீடுகளுக்குச் செய்த படங்களையும் வாங்கிப் பார்த்தேன், எதிலும் இல்லை. விளக்கு விஷயத்தில் எங்களுக்கு வந்த பாதிச் சிக்கல் இந்த ஒரு ஃபேனில் இருந்துதான் கிளம்பியது என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

வீடு நத்தம் ரோட்டுப் பக்கம். பூச்சு வேலை முடிந்து, தரைக்கு டைல்ஸ் ஒட்டியாகிவிட்ட நிலையில் டிசைனரைத் தேடினோம். இன்டீரியர் வேலையை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். வரைபடம், பொருள், ஆள் எல்லாமே அவர்கள் பொறுப்பு என்று சதுர அடிக் கணக்கில் பேசி மொத்தமாக விட்டுவிடுவது ஒன்று. வரைபடத்துக்கும் மேற்பார்வைக்கும் மட்டும் கட்டணம் கொடுத்து, பொருளையும் ஆளையும் நாமே பார்த்துக்கொள்வது இன்னொன்று. முதலாவதில் அலைச்சல் குறைவு, ஆனால் எந்த டிரைவர் (எல்இடி விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சின்னப் பெட்டி), எந்த ஒயர் என்பதெல்லாம் சீலிங்குக்கு மேலே போய் மறைந்துவிடும். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். பேசும்போதே கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டவை சில: சொன்ன கட்டணத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கமா, தனியா? வரைபடத்தை எத்தனை முறை மாற்றித் தருவார்? சைட்டுக்கு எப்போதெல்லாம் வருவார்? கடையில் கமிஷன் உண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்க வீட்டுக்காரர் ரொம்பக் கூச்சப்பட்டார், நான்தான் கேட்டேன். டிசைனர் தம்பி சிரித்துக்கொண்டே, "சில கடையில கொடுப்பாங்கக்கா. உங்க பில்லுலயே அதைக் கழிச்சுக்கச் சொல்லிடுறேன்" என்றார். அந்த பதிலுக்காகவே அவரிடம் வேலையைக் கொடுத்தோம் என்றுகூடச் சொல்லலாம்.

ஃபேன் பஞ்சாயத்துக்குப் பிறகு அவர் வேறு வழியில் ஆரம்பித்தார். படத்தை ஓரமாக வைத்துவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குமேல் ஒவ்வொரு அறையிலும் யார், எங்கே உட்கார்ந்து, என்ன செய்வார்கள் என்று எழுதித் தரச் சொன்னார். எழுத உட்கார்ந்தபோதுதான் எங்கள் வீடு எனக்கே புரிந்தது. அத்தை ஜன்னலோர நாற்காலியில் பேப்பர் படிப்பார், பூத் தொடுப்பார். பையன் டைனிங் டேபிளில்தான் வீட்டுப்பாடம் எழுதுவான், அவனுக்கென்று தனி மேஜை இருந்தாலும். நான் புடவை மடிப்பது படுக்கையறைக் கட்டிலில். சரவிளக்கின் கீழே செய்ய யாருக்கும் ஒரு வேலையும் இல்லை.

"அழகுக்கு மாட்டுற விளக்கு வேறக்கா, வேலைக்கு மாட்டுற விளக்கு வேற. ரெண்டையும் ஒண்ணுலயே தேடுனா ரெண்டும் கெட்டுப்போகும்" என்றார். இந்தக் கணக்குத்தான் கடைசிவரை எங்களைக் காப்பாற்றியது. வேலைக்கான வெளிச்சத்தை முதலில் முடித்துவிட வேண்டும். மிச்சம் இருக்கிற காசிலும் இடத்திலும் அலங்காரம். அத்தையின் நாற்காலிக்கு மேலே ஒரு விளக்கு, அதற்கென்று தனி சுவிட்ச். அறுபது வயதுக் கண்ணின் உட்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பார்கள். "வெளிச்சம் பத்தல" என்று பெரியவர்கள் சொல்வதைப் பழைய டியூப்லைட் பழக்கம் என்று தள்ளிவிடக்கூடாது.

அடுத்து வந்தது சீலிங் வரைபடம். வீட்டைத் தரையில் படுத்து அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியுமோ அந்தப் படம். ஃபேன், விளக்கு, ஏசி, திரைச்சீலைப் பெட்டி எல்லாமே அளவோடு அதில் இருக்கும். த்ரீ-டி படம் சொந்தக்காரர்களுக்குக் காட்ட. எலெக்ட்ரீஷியன் கையில் இருக்க வேண்டியது இது. டிசைனர் இதைத் தராமல் ஃபால்ஸ் சீலிங் ஆளை உள்ளே விடாதீர்கள். எங்கள் படத்தில் ஃபேன் ஒவ்வொன்றையும் சுற்றி, இறக்கை சுழலும் 1200 மில்லிமீட்டர் வட்டம் வரைந்திருந்தது. காரணம் எளிது. அந்த வட்டத்துக்கு மேலே டவுன்லைட் (சீலிங்கில் பதித்து, கீழ்நோக்கி எரியும் விளக்கு) வந்தால், ஓடுகிற இறக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டி விடும். அறை முழுக்க நிழல் படபடக்கும். பத்து நிமிஷம் உட்கார்ந்தால் தலை வலிக்கும். வட்டத்தைத் தாண்டிச் சுவர்ப் பக்கமாக விளக்குகளைத் தள்ளினோம். தொங்கு விளக்கும் அப்படித்தான், ஃபேன் காற்று படுகிற தூரத்தில் மாட்டினால் ஊஞ்சலாடிக்கொண்டே இருக்கும்.

சரவிளக்கு என்ன ஆயிற்று? ஹால் 12-க்கு 18 அடி. நீளத்தையும் அகலத்தையும் அடியில் கூட்டினால் வரும் எண்ணை அங்குலமாக வைத்துக்கொண்டால் அதுவே அந்த அறைக்கு ஏற்ற சரவிளக்கின் விட்டம் என்று ஒரு கணக்கு உண்டு. எங்களுக்கு 30 அங்குலம் வந்தது. பத்தடிக் கூரையில் ஃபால்ஸ் சீலிங் அரை அடியைத் தின்றுவிடும். விளக்குக்கு அடியில் ஆள் நடக்க ஏழடியாவது வேண்டும். ஆக விளக்கு இரண்டரை அடிதான் இறங்கலாம், அதுவும் ஃபேனுக்குப் பக்கத்தில் நசுங்கிக்கொண்டு. ஹாலில் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். டைனிங் டேபிளுக்கு மேல் ஒரு தொங்கு விளக்கு. மேஜைப் பலகையிலிருந்து விளக்கின் அடிவிளிம்பு இரண்டரை அடி உயரத்தில். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தை மறைக்காது, பல்பும் கண்ணில் குத்தாது. அந்த இடத்தில் ஃபேனைச் சுவரில் மாட்டிக்கொண்டோம்.

நிறம்தான் வீட்டில் பெரிய சண்டை. பல்பு அட்டையில் 2700, 3000, 4000, 6500 என்று கெல்வின் போட்டிருக்கும். எண் குறையக் குறைய மஞ்சள், கூடக்கூட நீலம் கலந்த வெள்ளை. வீட்டுக்காரருக்கு வெள்ளைதான் வெளிச்சம். எனக்கு மஞ்சள்தான் வீடு. டிசைனர் கட்சி சேரவில்லை. ஹோல்டரில் ஒயர் கோத்து 3000-லும் 4000-லும் ஒவ்வொரு பல்பு வாங்கிவரச் சொன்னார். இருட்டிய பிறகு அறை அறையாகப் பிடித்துப் பார்த்தோம். பலகைச் சுவர் 4000-ல் சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தது, 3000-ல் மரமாகத் தெரிந்தது. சமையல் மேடையில் அதுவே தலைகீழ். கீரை ஆய்வதற்கு 4000 நன்றாக இருந்தது. அப்படியே பிரித்துக்கொண்டோம். வாசலுக்கும் மஞ்சள்தான். மழை பெய்து ஓய்ந்த ராத்திரியில் வெள்ளை விளக்குக்கு ஈசல் மொய்க்கிற மாதிரி மஞ்சளுக்கு மொய்க்காது.

அட்டையில் சிஆர்ஐ என்று இன்னொரு எண் இருக்கும், பலர் பார்ப்பதில்லை. நிறங்களை அதனதன் நிறமாகக் காட்டும் திறன் அது. நூறுக்கு எவ்வளவு என்று கணக்கு. சாதாரண எல்இடி 80 சொச்சம். அரக்குச் சிவப்பில் ஒரு சுங்குடிப் புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு டவுன்ஹால் ரோட்டுக் கடைகளுக்குப் போனேன். மலிவான விளக்கின் கீழே சிவப்பு செத்துப்போய்ச் செங்கல் தூள் மாதிரி தெரிந்தது. 90-க்கு மேல் உள்ளதைப் போட்டுக் காட்டினார்கள், புடவைக்கு உயிர் வந்தது. கண்ணாடி, அலமாரி, டைனிங் டேபிள் மூன்று இடத்துக்கு மட்டும் 90 வாங்கினோம். மற்ற இடத்துக்கு 80 போதும், அதற்கு ஏன் தண்டச் செலவு?

கடையில் ஒரு எச்சரிக்கை. நூறு விளக்கு எரிகிற இடத்தில் எந்த விளக்கும் அழகுதான். எரிகிற மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு இதை மட்டும் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. எந்த ஹோல்டர் என்றும் கேளுங்கள். நம்மூரில் தெருமுனைக் கடையில் கிடைப்பது பி22 பின் பல்பு; அலங்கார விளக்குகள் பலவும் திருகுமரை போட்ட இ27, இ14. அதிலும் சின்னதான இ14 பல்புக்கு அப்புறம் டவுனுக்குத்தான் அலைய வேண்டும்.

எங்கள் டைனிங் விளக்கு காரைக்குடியில் கிடைத்தது. முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் தூக்குவாளிக்கும் உடைந்த கடிகாரத்துக்கும் நடுவே, பால் நிறக் கண்ணாடிக் குடையோடு ஒரு பழைய மண்ணெண்ணெய்த் தொங்கு விளக்கு. விளிம்பில் நகம் அளவுக்குச் சில்லு போயிருந்தது, அதைச் சொல்லியே விலையைக் குறைத்தேன். எலெக்ட்ரீஷியன் அண்ணன் திரி இருந்த இடத்தில் பீங்கான் ஹோல்டரை வைத்து, புது ஒயர் இழுத்து, பித்தளை உடம்புக்கு எர்த்தும் கொடுத்தார். பழைய உலோக விளக்கை மின்சாரத்துக்கு மாற்றினால் இந்த எர்த்தை விடவே கூடாது.

பூஜையறைக்கு அத்தை ஒரே பிடிவாதம்: தூக்கு விளக்கு, எண்ணெயில்தான் எரிய வேண்டும். டிசைனர் வரைந்திருந்த ஜிப்சம் சீலிங்கையும் ஒளிரும் ஓம் பலகையையும் அங்கே ரத்து செய்தோம். கரி படிந்தால் ஜிப்சம் என்னாகும் என்று அவருக்கே தெரியும். வெறும் கான்கிரீட், அதில் ஒரு கொக்கி, மேலே புகை போகத் திறப்பு, அவ்வளவுதான்.

வேலை நடக்கும்போது டிசைனரோடு ஒரே ஒரு முறை மோதல் வந்தது. டிவி சுவரை உரசிக்கொண்டு வெளிச்சம் இறங்கும் மாதிரி சீலிங்கில் வரிசையாக விளக்கு கேட்டிருந்தார். போட்டுப் பார்த்தால் பட்டி பார்த்த சுவரின் மேடு பள்ளம் ஒவ்வொன்றும் தேமல் மாதிரி தெரிந்தது. பகலில் கண்ணாடி போல இருந்த சுவர் அது. பெயிண்டரைத் திரும்பக் கூப்பிட்டால் தனிக்கூலி. யார் கொடுப்பது? விளக்கைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் போட்டால் நிழல் விழாது என்று கடைசியில் அவரே வழி சொல்லி, சீலிங்கில் விழுந்த ஓட்டையை மூடும் செலவையும் ஏற்றுக்கொண்டார்.

கூரையோர ஸ்ட்ரிப் லைட்டில், அதாவது நாடா மாதிரி ஒட்டுகிற எல்இடி விளக்கில், கவனிக்க வேண்டியவை இரண்டு. பளபளப்பான டைல்ஸில் புள்ளி புள்ளியாக எதிரொளிக்காமல் இருக்க, பால் நிற மூடி போட்ட அலுமினியச் சட்டத்துக்குள் வைக்க வேண்டும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை ஒரே பக்கம் மின்சாரம் கொடுத்து நீளமாக இழுத்தால் கடைசி முனை மங்கும். அதனால் எங்கள் ஹாலுக்கு 24 வோல்ட் போட்டோம். எல்இடி பெரும்பாலும் சாகாது, டிரைவர்தான் முதலில் போகும். அதைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் சீலிங்கை அறுக்க வேண்டும். கனமான விளக்கின் கொக்கி கான்கிரீட்டில் இறங்கியிருக்க வேண்டும், ஜிப்சம் பலகையில் அல்ல. இன்வெர்ட்டர் லைனில் வேலை விளக்குகள் மட்டும். கரண்ட் போன நேரத்தில் அலங்காரம் எதற்கு?

டிசைனருக்குக் கடைசித் தவணையை ராத்திரி பார்த்த பிறகுதான் தருவோம் என்று முதலிலேயே பேசியிருந்தோம். அவரும் எலெக்ட்ரீஷியன் அண்ணனும் ஏழரை மணிக்கு வந்தார்கள். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டோம், ஃபேனை முழு வேகத்தில் வைத்து மறுபடி பார்த்தோம். மாடிப்படியின் டூ-வே சுவிட்ச் தலைகீழாக இருந்தது, வாசல் விளக்கில் வெள்ளை பல்பு மாட்டியிருந்தார்கள். இரண்டையும் அங்கேயே சரிசெய்தார்கள். எந்தெந்த விளக்கு, எத்தனை வாட், எந்த டிரைவர், எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, வாரண்டி பில்லோடு சேர்த்து ஃபியூஸ் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன்.