பேன்ட் பேட்டர்ன் திருத்தம்: குறை அகலத்தில் இல்லை, நீளத்தில்

பேன்ட்டைக் கடையில் வாங்கினாலும் அளவு கொடுத்துத் தைத்தாலும் எனக்கு ஒரே தொல்லைதான்: உட்கார்ந்தால் பின்பக்க இடுப்புப் பட்டி கீழே இறங்கும், எழுந்து நின்றால் சீட் எனப்படும் பிட்டப் பகுதிக்குக் கீழே சாய்வான சுருக்கங்கள் விழும். அதனால் இணையத்தில் ஒரு பேட்டர்ன் (துணியை வெட்டுவதற்கான, தாளில் அச்சிடும் அளவு வரைபடம்) வாங்கி, நானே திருத்தித் தைப்பது என்று முடிவு செய்தேன்.

முதல் நஷ்டம் ஜெராக்ஸ் கடையிலேயே நேர்ந்தது. நூறு சதவீத அளவில் அச்சிடும்படி தெளிவாகச் சொல்லியும், கடைக்காரர் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி அச்சிட்டுவிட்டு, "எல்லாம் ஒன்றுதான் மேடம்" என்றார். அச்சின் அளவைச் சரிபார்க்கப் பேட்டர்னில் தந்திருக்கும், 10 செ.மீ. இருக்க வேண்டிய சோதனைச் சதுரம் 9.6 செ.மீ. இருந்தது. 100 செ.மீ. சீட் அளவுக்கு 104 செ.மீ. வைத்து வரைந்த பேன்ட்டில், உட்கார்ந்து எழுவதற்காக விட்ட தளர்வு முழுவதையும் இந்தச் சிறு சுருக்கமே விழுங்கிவிடும். பணத்தையும் அவர் திருப்பித் தரவில்லை. ஆகவே, சதுரம் உள்ள தாளை மட்டும் முதலில் அச்சிட்டு, அளந்து பார்த்த பிறகே மற்றவற்றை அச்சிடச் சொல்லுங்கள்.

காடாத் துணியை நனைத்து உலர்த்தி, மாதிரி ஒன்றைத் தைத்தேன். எதிர்பார்த்தபடியே அதிலும் அதே சுருக்கங்கள். அனுபவமுள்ள தையற்காரர் ஒருவரிடம் காட்டியபோது, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்தினால் போதும் என்றார். அப்படியே செய்தேன், தொடையின் வெளிப்புறம் தொளதொளவென்று தொங்கியதே தவிர, சுருக்கம் ஒன்றுகூடக் குறையவில்லை.

உண்மையை அந்த மாதிரித் துணியே காட்டியது. அதை அணிந்துகொண்டு, சீட் மிக அகன்றிருக்கும் மட்டத்தில், பின்நடுத் தையலிலிருந்து பக்கத் தையல் வரை கிடைமட்டமாகத் தங்கையை வெட்டச் சொன்னேன். வெட்டு தானாகவே விரிந்து பின்நடுத் தையலில் 3 செ.மீ. இடைவெளி விட்டது, சுருக்கங்கள் அந்தக் கணமே தளர்ந்தன. குறைந்திருந்தது அகலம் அன்று, முன் இடுப்பிலிருந்து கால்களுக்கிடையே சென்று பின் இடுப்பை அடையும் வளைவின் பின்பாதி நீளம் என்பது அப்போது தெளிவாயிற்று. அதை நேரில் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சாதாரணமானதல்ல.

காகிதத்திலும் அதே கோட்டில் வெட்டி, பக்கத் தையல் முனையை மட்டும் ஒட்டியபடி விட்டு, பின்நடு ஓரத்தில் 3 செ.மீ. விரித்து, அடியில் வேறு காகிதம் ஒட்டி, வளைவை மறுபடி சீராக வரைந்தேன். பக்கத் தையலின் நீளம் மாறாததால் முன்பாகத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை. பின் இடுப்பில் பட்டி சற்று விலகி நின்றதை டார்ட்டை (இடுப்பைக் குறுக்கத் தைக்கும் கூம்பு மடிப்பை) ஆழப்படுத்திச் சரிசெய்தேன்.

ஓர் எச்சரிக்கை: வளைவின் அடிப்பகுதியில் தையலுக்கு விட்ட 1.5 செ.மீ. துணியை அப்படியே வைத்துக்கொண்டு அணிந்து பார்த்தால், சரியான பேன்ட்கூட அங்கே இறுக்குவதாகத் தோன்றும். அவ்விடத்தில் இரட்டைத் தையல் போட்டு, 6 மி.மீ. அளவுக்கு நறுக்கிய பிறகே முடிவுக்கு வாருங்கள்; அணிந்து பார்க்கும்போது நின்றால் மட்டும் போதாது, நாற்காலியில் அமர்ந்தும் படியேறியும் பாருங்கள்.