ப்ளூரா பயாப்ஸி: அழற்சியா, மீசோதீலியோமாவா?

நுரையீரல் உறையிலிருந்து, அதாவது ப்ளூராவிலிருந்து, பயாப்ஸி வந்தால் நோயியல் டாக்டர்கள் பலருக்கும் கொஞ்சம் கலக்கம்தான். செல்களின் முகத்தை மட்டும் பார்த்து இங்கே எதுவும் சொல்லிவிட முடியாது. அழற்சியில், இந்த உறையைப் போர்த்தியிருக்கும் மீசோதீலியல் செல்கள் பெருத்து, உட்கரு கருத்து, பிளவுபட்டுப் பெருகும். பார்த்தால் அசல் புற்றுநோய். அந்தச் செல்களில் வரும் புற்றுநோயான நிஜ மீசோதீலியோமாவோ பல நேரம் பரம சாதுவாக இருக்கும்.

அப்படி என் மேஜைக்கு வந்த ஒரு கேஸ். அறுபது தாண்டிய நோயாளி, இளமையில் கொதிகலன் குழாய்களுக்குக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சுற்றும் வேலை பார்த்தவர்; மீசோதீலியோமாவுக்கு முக்கியக் காரணம் அதுதான். ஒரு பக்க நெஞ்சில் ரத்தம் கலந்த நீர், உறையும் தடித்திருந்தது. நீரைச் சோதித்ததில் இயல்புக்கு மாறான மீசோதீலியல் செல்கள் இருந்தன. அதற்கு மேல் நீரிலிருந்து சொல்ல வழியில்லை. செல்கள் திசுவுக்குள் ஊடுருவியிருக்கின்றனவா என்பதுதான் முக்கியக் கேள்வி. நீரில் மிதக்கும் செல்லிடம் அதைக் கேட்க முடியாது. அடுத்து வந்த ஊசி பயாப்ஸியிலும் மேற்பரப்பு மட்டுமே இருந்தது.

"உறைக்கு அடியிலுள்ள கொழுப்பு வரைக்கும் ஆழமாக வேண்டும்" என்று கேட்டேன். "ஏற்கெனவே குத்தியாச்சே, இதிலேயே சொல்ல முடியாதா?" என்றார் நெஞ்சக மருத்துவர். முடியாதுதான். கடைசியில் தோரகோஸ்கோப்பி செய்து, அதாவது நெஞ்சுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்து, நல்ல துண்டுகளாக அனுப்பினார்.

ஸ்லைடை முதலில் குறைந்த பெரிதாக்கத்திலேயே வைத்துக்கொண்டு நேரம் எடுத்துப் பார்த்தேன். மேலே ஃபைப்ரின் எனும் உறைபுரதம். அதன் கீழே செல்கள் நெருக்கமாக. ஆழம் போகப் போகக் குறைந்து, அடியில் வெறும் கொலாஜன் நார். மெல்லிய ரத்தக் குழாய்கள் மேற்பரப்புக்குச் செங்குத்தாக ஏறியிருந்தன. ஆறிவரும் அழற்சியின் அடுக்கு இது. நார்த்திசு மிகுந்த டெஸ்மோபிளாஸ்டிக் மீசோதீலியோமாவில் இந்த ஒழுங்கு இருக்காது. ஆழத்திலும் செல்கள் குறையாது. காசநோயை நினைவூட்டும் கிரானுலோமாவும் (அழற்சிச் செல்களின் திரள்) கண்ணில் படவில்லை.

சரி, முடிந்தது என்று நினைக்கும்போது, மீசோதீலியல் செல்களுக்கு நிறமேற்றும் கெரட்டின் ஸ்டெயின் வந்தது. கொழுப்பு போலத் தெரிந்த வட்ட இடைவெளிகளுக்கு நடுவே கெரட்டின் ஏறிய நீள செல்கள். கொழுப்புக்குள் ஊடுருவல் என்றால் மீசோதீலியோமா என்றே எழுத வேண்டும். ஆனால் அந்த இடைவெளிகள் தடித்த நார்த்திசுவின் நடுவில் இருந்தன, செல்களும் மேற்பரப்புக்கு இணையாகவே படுத்திருந்தன. கொழுப்புச் செல்லுக்கு நிறமேற்றும் எஸ்-100 போட்டுப் பார்த்தேன். அந்த இடைவெளிகளில் நிறம் ஏறவில்லை. கீழே இருந்த உண்மையான கொழுப்பில் பளிச்சென்று ஏறியது. அதற்கு மேலேயே கெரட்டின் செல்கள் கோடு போட்டதுபோல் நின்றுவிட்டன. மேலே இருந்தது போலிக் கொழுப்பு. இந்தப் பொறியைப் பற்றித் தெரியாமல் கெரட்டின் ஸ்லைடைத் தனியாகப் பார்த்தால் யாரும் தடுமாறுவார்கள்.

கால்ரெட்டினின், டபிள்யூடி-1 ஸ்டெயின்கள் இரண்டும் பாசிட்டிவ். அது மீசோதீலியல் செல் என்பதைச் சொல்லும், நல்லதா கெட்டதா என்று சொல்லாது. டெஸ்மின், இஎம்ஏ, பி53 ஸ்டெயின்கள் எல்லாம் நிறையக் கேஸ்களைச் சேர்த்துப் பார்க்கும்போது வித்தியாசம் காட்டும்; ஒரு தனி நோயாளிக்கு அவற்றை நம்பிக் கையெழுத்துப் போட எனக்கு மனம் வராது.

அப்புறம் பாப்-1, எம்டாப் என்ற இரு புரதங்களுக்கான ஸ்டெயின்கள்; மீசோதீலியோமாவில் இவை பல நேரம் தொலைந்துபோகும். முதல் பாப்-1 ஸ்லைடில் பக்கத்து லிம்போசைட்டுகளிலேயே நிறம் ஏறவில்லை. அவை உள்கட்டுப்பாடு, எப்போதும் நிறம் ஏற வேண்டியவை; அவையே வெளிறிப்போனால் அந்த ஸ்லைடு செல்லாது. திரும்பப் போடச் சொன்னேன். இரண்டாவதில் மீசோதீலியல் உட்கருக்களில் பாப்-1 இருந்தது. எம்டாப்பும் சைட்டோபிளாசத்தில் இருந்தது. இதில் ஒன்று தொலைந்திருந்தாலும் புற்றுநோய்ப் பக்கம் சாய்ந்திருப்பேன். இருப்பதால் மட்டும் நல்லது என்று ஆகிவிடாது. குறிப்பாக, நீள செல்களால் ஆன சார்கோமட்டாய்டு வகை மீசோதீலியோமாவில் பாப்-1 பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனால் பி16 மரபணுவின் நகல்களை எண்ணும் ஃபிஷ் சோதனைக்கும் அனுப்பினேன். மீசோதீலியோமாவைக் காட்டும், இரு நகல்களும் அழிந்த அடையாளம் அதில் இல்லை.

"அப்போ கேன்சர் இல்லைன்னு எழுதிக் கொடுங்களேன்" என்றார் மருத்துவர். ஆறிவரும் ப்ளூரா அழற்சி, கொழுப்பு வரை உள்ள இந்தத் துண்டுகளில் ஊடுருவல் இல்லை என்று எழுதினேன். கல்நார் பழக்கம் இருப்பதால் சிடி ஸ்கேனில் தொடர்ந்து கவனிக்கவும், தடிப்பு கூடினாலோ முடிச்சு தெரிந்தாலோ அந்த இடத்திலிருந்து மறுபடி பயாப்ஸி எடுக்கவும் குறிப்புச் சேர்த்தேன். பின்னால் வந்த ஸ்கேன்களில் நீர் திரும்பச் சேரவில்லை, தடிப்பும் கூடவில்லை.