கடல் 700 மீட்டர் தள்ளி, ஓடை வேலியை ஒட்டி: லேஅவுட் அப்ரூவல் வாங்கிய அனுபவம்

கிழக்குக் கடற்கரையில் ஒரு சிற்றூர். 2 ஏக்கர் 80 சென்ட் புஞ்சை. மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் கைக்கு வர 14 மாதம் ஆனது. அதில் 9 மாதத்தைத் தின்றது சி.ஆர்.இசட். எனும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி ஒன்றுதான். பட்டா, சிட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து எல்லாம் இரண்டு வாரத்தில் சேர்ந்துவிட்டன.

அலைக்கரையிலிருந்து இடம் 700 மீட்டர். கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்றால் உயர் ஓத எல்லையிலிருந்து (ஓதம் ஏறும்போது தண்ணீர் எட்டும் கோடு) 500 மீட்டர் என்றுதான் இந்தத் தொழிலில் எல்லோர் வாயிலும் வரும். அந்தத் தைரியத்தில் வி.ஏ.ஓ.விடம் தூரச் சான்று வாங்கி, கோப்பில் வைத்துக் கொடுத்தோம். மேற்கு எல்லையை ஒட்டி 30 மீட்டர் அகலத்தில் ஓர் ஓடை போகிறது. இடம் பார்த்தது கார்த்திகையில். ஓடையில் உப்பில்லாத மழைத் தண்ணீர். கிராம வரைபடத்திலும் 'ஓடைப் புறம்போக்கு' என்று மட்டுமே இருந்தது. தப்பு அங்கேதான் நடந்தது.

ஓதம் ஏறி இறங்கும் ஓடை, கழிமுகம், உப்பங்கழி எதுவானாலும் அதன் கரையில் தனியாக ஒரு மண்டலம் உண்டு. மத்திய அரசின் 2011 சி.ஆர்.இசட். அறிவிக்கையில் 100 மீட்டர் அல்லது ஓடையின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. 2019 அறிவிக்கையில் 100 என்பது 50 ஆனது. நம் ஓடைக்கு எந்தக் கணக்கிலும் 30 மீட்டர்தான். அகலமான கழியாக இருந்தால் வித்தியாசம் பெரிது. அதனால் உங்கள் மாவட்டத்துக்கு எந்த அறிவிக்கையின் வரைபடம் நடப்பில் இருக்கிறது என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஓதம் எதுவரை ஏறுகிறது என்பதை உப்பை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். வருடத்தின் மிக வறண்ட காலத்தில் ஆயிரம் பங்குத் தண்ணீரில் 5 பங்கு உப்பு என்பதுதான் அளவுகோல். மழைக்காலத்தில் ருசி பார்த்துப் பயனில்லை. சித்திரை, வைகாசியில் போய்ப் பாருங்கள். கரையில் உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடி மண்டியிருந்தால் அப்போதே உஷாராகிவிட வேண்டும். ஓடையில் வலை போடுகிறவர்களிடம் ஏத்தம் எதுவரை வரும் என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். நாங்கள் கேட்கவில்லை.

கோப்பு மூன்று முறை திரும்பியது. முதலில், தூரச் சான்று செல்லாது, வரைபடம் வேண்டும் என்றார்கள். தனியார் சர்வேயரை வைத்து அளந்து கொடுத்தோம். ஏழு வாரம் கழித்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் குறித்த உயர் ஓத எல்லைதான் செல்லும் என்று மறுபடி திரும்பியது. இதை முதல் தடவையே சொல்லியிருந்தால் ஏழு வாரமும் சர்வேயர் கூலியும் மிச்சம். இப்போதும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அந்த அங்கீகாரம் உள்ள ஒன்று. 1:4000 அளவில் உயர் ஓத எல்லை, தாழ் ஓத எல்லை, மண்டல எல்லை எல்லாம் குறித்து, அதன்மேல் நம் மனைப்பிரிவைப் பொருத்திய வரைபடம் வேண்டும் என்று எழுதியே கேளுங்கள். வெறும் எல்லைக்கோடு போட்டு வாங்கி வந்தால் இன்னொரு சென்னைப் பயணம் நிச்சயம்.

மூன்றாம் முறை திரும்பியது உட்பிரிவு எண்ணால். வரைபடத்தில் பழைய சர்வே எண், பட்டாவிலோ புது உட்பிரிவு. வரைபடம் கேட்கும்போதே எஃப்.எம்.பி. (புல அளவீட்டுப் படம்) நகலோடு, பழைய எண்ணும் புது எண்ணும் சேர்ந்த ஸ்கெட்சைத் தாலுகா சர்வேயரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று: குறையை வாயால் சொன்னால் கிளம்பி வராதீர்கள், எழுத்தில் கேளுங்கள். மூன்றாம் முறை அப்படிக் கேட்ட பிறகுதான் மிச்சமிருந்த குறைகள் மொத்தமும் ஒரே தாளில் வந்தன.

ஓடை ஓரம் நிலம் 90 மீட்டர் நீளம். 90க்கு 30 என்றால் 2,700 சதுர மீட்டர், ஏறக்குறைய 67 சென்ட். அதில் மனை போட முடியாது. ஆனால் பூங்காவுக்கும் தோட்டத்துக்கும் தடையில்லை. மொத்த இடம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் போவதால், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதம் ஓ.எஸ்.ஆர். (பூங்கா போன்ற திறந்தவெளிக்கான ஒதுக்கீடு) இடமாகக் கொடுத்தே ஆக வேண்டும். பணமாகக் கட்டித் தப்ப வழியில்லை. நடுவில் போட்டிருந்த 20 சென்ட் பூங்காவை அந்த ஓரத்துக்கு நகர்த்தினோம். அதுவரை சாலை போட வேண்டும் என்றார்கள், போட்டோம். நடுவில் 20 சென்ட் மனைக்குத் திரும்பக் கிடைத்தது. இந்த ஒரு யோசனையால்தான் கணக்கு தப்பித்தது. மிச்சம் 47 சென்ட் தோப்பாக நிற்கிறது.

அதற்குப் பிறகு தொழில்நுட்ப ஒப்புதல், சாலைக்கும் பூங்காவுக்கும் தானப்பத்திரம், உள்ளாட்சியின் இறுதி அனுமதி, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எல்லாம் தடங்கலில்லாமல் முடிந்தன. ரெரா எண் வரும்வரை நோட்டீஸ் அடிக்கவில்லை, முன்பணமும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் ஓடை ஓர மனைக்குக் காசு கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்ல முடிந்திருக்காது.

நிலம் வாங்கும் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேருங்கள்: சி.ஆர்.இசட். எல்லைக்குள் விழும் சென்டுக்குத் தனி விலை, அந்த வரைபடம் வந்த பிறகே மீதிப் பணம். நில உரிமையாளர் முரண்டுபிடித்தால் வரைபடச் செலவை நாமே ஏற்றுக்கொள்ளலாம். 67 சென்டுக்கு மனை விலை கொடுத்ததோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமேயில்லை.